அடிக்கு முந்திய நெளிவு

வடக்கு ஒண்டாரியோ
11 மார்ச் 1984

அன்புள்ள இர்யா,

இங்கே நானும் ஹெல்வியும் இருக்கிறோம். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்கால் வலி தேவலையா, ஒட்டாவாவில் பனி இளக ஆரம்பித்துவிட்டதா, எழுது. அடக்கத்துக்கு அவ்வளவு பனியிலும் பஸ் ஏறி வந்து பக்கத்தில் நின்றாய். அன்றைக்கு உன்னிடம் ஒரு வார்த்தையாவது பேசினேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. பேசாமல் இருந்திருந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். என் வேலை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நெஞ்சில் தூசு சேர்ந்த பிறகு என்னைச் சுரங்கத்துக்குள் அனுப்புவதில்லை. தரைமேல் ஒரு அறையில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறேன். கீழே பாறையில் ஒலிவாங்கிகளைப் பதித்திருக்கிறார்கள். நாங்கள் அவற்றைக் காது என்போம். பாறை எவ்வளவு அதிர்கிறது என்பதைக் காதுகள் வினாடிக்கு வினாடி அனுப்பிக்கொண்டே இருக்கும், திரையில் கோடாக ஓடும். கோடு ஏறத் தொடங்கினால் தொலைபேசியை எடுத்து ஆட்களை வெளியே வரச்சொல்ல வேண்டும். அவ்வளவுதான். "உட்கார்ந்து டிவி பார்க்கிறதுக்குச் சம்பளமாய்யா?" என்று என் பழைய சுரங்கக் கூட்டாளி ஒலாவி கேட்பான்.

பிப்ரவரியில், பாரம் தாங்காமல் பாறை வெடித்த காலையில் திரைக்கு முன்னால் இருந்தது நான்தான். அந்தத் தளத்தில் ஒலாவியும் என் பையன் மார்ட்டியும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒலாவி வெளியே வந்தான்.

நான் எதையும் பார்க்கவில்லை. கோடு வழக்கம்போல ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது, பிறகு ஒரேயடியாக எகிறியது. ஜூன் மாதம் சட்பரியில் மரண விசாரணை. ஜூரி உட்காரும். கருவி முன்கூட்டியே காட்டியிருக்கும், பார்க்கிறவர் பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் கம்பெனி வக்கீலின் பேச்சு. யூனியன் மூலமாக அன்றைய பதிவு நாடாவின் நகல் ஒன்று வாங்கி இத்துடன் அனுப்புகிறேன். காற்றழுத்த இயந்திரம் ஓடுவதும் நிற்பதுமாக இருக்கும், அதன் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. இரைச்சலை வடிகட்டுவதுதானே உன் பிழைப்பு. வெடிப்பதற்கு முன்னால் ஏதாவது இருந்ததா, இல்லையா? அது ஒன்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஹெல்வி உன்னை விசாரித்ததாக எழுத ஆசைதான். அவள் யாரையும் விசாரிப்பதில்லை.

உன் அண்ணன்,
ரெய்னோ


ஒட்டாவா
19 மார்ச் 1984

அன்புள்ள அண்ணா,

என் முழங்காலுக்கு என்ன, அது என்னோடுதான் நொண்டிக்கொண்டு வருகிறது. நீ இருமலுக்கு மருந்து சாப்பிடுகிறாயா? அண்ணி தூங்குகிறார்களா? சனிக்கிழமை சவுனாவில் நீராவிக் குளியலுக்கு அடுப்பு மூட்டுகிறீர்களா? இதையெல்லாம் நீ எழுதவில்லை, அதனால் கேட்கிறேன்.

நாடா வந்து சேர்ந்தது. உறையின்மேல் மார்ட்டியின் பெயரும் தேதியும் தட்டச்சில் இருந்தன. யூனியன்காரர்கள் ஒட்டியிருப்பார்கள். அதை உரித்து எடுத்துவிட்டுத்தான் நாடாவை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். ஏன் என்று தெரியவில்லை, அப்படிச் செய்தேன்.

பகலில் மாணவர்கள் கணினியை விடமாட்டார்கள். சாப்பாட்டு நேரங்களில் செய்து பார்க்கிறேன். பொறுத்துக்கொள்.

உன் தங்கை,
இர்யா


ஒட்டாவா
8 ஏப்ரல் 1984

அன்புள்ள அண்ணா,

நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? எனக்கு ஒரு சளி வந்து போயிற்று.

வரைபடம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். உன் காற்றழுத்த இயந்திரத்தின் இரைச்சல் பாறையின் மெல்லிய அசைவை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் கத்தியால் வகுந்ததுபோலப் பிரிக்கிற வடிகட்டி தேவைப்பட்டது, அப்படியே போட்டேன். இயந்திரம் போய்விட்டது. நடுவில் உயரமாக நிற்பது வெடிப்பு. அதற்கு இடப்பக்கம், அதாவது சில நிமிடங்களுக்கு முன்னாலிருந்து, சின்னச் சின்ன நெளிவுகள் வளர்ந்துகொண்டே வருவதைப் பார்ப்பாய். அது என்ன என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நீ சுரங்கம் தெரிந்தவன், பார்த்துச் சொல். நானும் மறுபடி சோதித்துப் பார்க்கிறேன். அதுவரை யாரிடமும் காட்டாதே.

உன் தங்கை,
இர்யா


வடக்கு ஒண்டாரியோ
29 ஏப்ரல் 1984

அன்புள்ள இர்யா,

சளி போய்விட்டது என்று அறிந்ததில் நிம்மதி. நாங்கள் இருக்கிறோம்.

தாள் கிடைத்தது. இனி நீ எதையும் சோதிக்க வேண்டாம். அது என்ன என்று எனக்குத் தெரியும். பெரிய வெடிப்புக்கு முன்னால் பாறை முனகும், எந்தச் சுரங்கத்தானைக் கேட்டாலும் சொல்வான். அது முனகியிருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்பதும் இப்போது ஞாபகத்துக்கு வந்துவிட்டது. கிட்டங்கிக்காரன் வெய்க்கோ காப்பியோடு வந்தான். "உங்க ஆளுங்க நேத்து ஹாக்கி ஆடினாங்களா, இல்ல ஐஸைத் துடைச்சுக் குடுத்துட்டு வந்தாங்களா?" என்றான். "உன் வாயில பல்லு இருக்கிறது உனக்குப் பிடிக்கலையா?" என்று திரும்பினேன். இரண்டு பேரும் சிரித்தோம். சில நிமிடங்கள் போதும் இர்யா. உள்ளேயிருந்து, ஆட்களை மேலே ஏற்றும் கூண்டு வரைக்கும் ஓடிவரச் சில நிமிடங்கள் தாராளம். மார்ட்டிக்கு நல்ல கால்.

தாளைக் கம்பெனிக்காரர்களிடம் காட்டினேன். வக்கீல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப நேர்மையான மனுஷன் சார் நீங்க" என்றார். விசாரணையில் நானே எழுந்து, முன்னறிவிப்பு இருந்தது, கவனிக்கத் தவறியது நான் என்று சொல்லப்போகிறேன். ஹெல்வியிடமும் சொல்லிவிட்டேன். அவள் தாளை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தன் படுக்கையை எடுத்துக்கொண்டு பையனுடைய அறைக்குப் போனாள்.

ஆச்சரியமாக இருக்கும், எனக்கு இப்போது நன்றாகத் தூக்கம் வருகிறது.

உன் அண்ணன்,
ரெய்னோ


ஒட்டாவா
4 மே 1984

அன்புள்ள அண்ணா,

நலம் விசாரிக்கிற நிதானம் எனக்கு இல்லை. முதலில் இதைப் படி. அந்த நெளிவு பாறையுடையது இல்லை. அது என் வடிகட்டியுடையது.

எளிதாகச் சொல்கிறேன். வடிகட்டி என்பது எண்களின் ஒரு வரிசை, அவ்வளவுதான். கணக்குப்படி பார்த்தால் அந்த வரிசை இரண்டு பக்கமும் முடிவில்லாமல் நீள வேண்டும். முடிவில்லாததைக் கணினியில் ஏற்ற முடியாது, எங்காவது நிறுத்தியாக வேண்டும். எவ்வளவு தூரத்தில், எந்த விதமாக நிறுத்துகிறோம் என்பதை எங்கள் தொழிலில் ஜன்னல் என்கிறோம். ஜன்னலுக்குள் தெரிகிற எண்கள் தங்கும், மற்றவை போய்விடும். சட்டென்று வெட்டி நிறுத்தினால் பிரிப்பு கூராக இருக்கும், ஆனால் வடிகட்டி அதிரும். பலமான ஒரு அடி உள்ளே வந்தால் அதைச் சுற்றி இல்லாத நெளிவுகளைத் தானே போட்டுவிடும். ஓரங்களில் எண்களை மெல்ல மெல்லக் குறைத்துப் பூஜ்யத்துக்கு இறக்கினால் அதிர்வு அடங்கிவிடும். பிரிப்பு கொஞ்சம் மழுங்கும், அதை ஈடுகட்ட வரிசையை நீளமாக்கிக்கொள்ள வேண்டும்.

அடிக்குப் பின்னால் அதிரலாம், முன்னால் எப்படி அதிரும் என்று கேட்பாய். நாங்கள் வடிகட்டுவது முடிந்துபோன பதிவை. வடிகட்டி ஒவ்வொரு நிமிஷத்தையும் கணக்கிடும்போது அதற்கு முந்தியதையும் பிந்தியதையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. அதனால் இனிமேல் வரப்போகிற அடியும் முன்னாலேயே கசிந்துவிடுகிறது.

சட்டென்று வெட்டாதீர்கள் என்று மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தருகிறவள் நான். எனக்கு அன்றைக்குக் கூர்மைதான் வேண்டியிருந்தது. எதையாவது கண்டுபிடித்து உன்னிடம் கொடுத்துவிட வேண்டும் என்ற வேகம். என்னை நானே அறையலாம்போல இருக்கிறது.

ஓரம் சரித்த ஜன்னலை வைத்து மறுபடி செய்த வரைபடம் இத்துடன் இருக்கிறது. வெடிப்புக்கு முன்னால் ஒன்றுமில்லை. நீ பார்க்கத் தவறவில்லை அண்ணா. பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

உன் தங்கை,
இர்யா


வடக்கு ஒண்டாரியோ
11 மே 1984

அன்புள்ள இர்யா,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே ஏரியில் பனி உடைந்துவிட்டது.

இரண்டாவது தாளும் வந்தது. முதல் தாளில் நெளிவு இருந்தது. அதைப் பார்த்து அண்ணன் ஒடிந்துபோனான் என்று தெரிந்ததும் அதைத் தேய்த்து அழித்து இன்னொன்று அனுப்பியிருக்கிறாய். சின்ன வயதில் அப்பாவின் படகில் நான் ஓட்டை போட்டபோதும் நீதான் குறுக்கே வந்து, பாறை இடித்தது என்று சொன்னாய். அடி எனக்கு விழவில்லை, ஆனால் பொய் பொய்தான்.

எந்த ஜன்னலைப் போட வேண்டும் என்று முடிவுசெய்வது நீ என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒன்றைப் போட்டால் இருக்கிறது, இன்னொன்றைப் போட்டால் இல்லை. உனக்குப் பிடித்ததை நீ போட்டாய். நான் முதலாவதை வைத்துக்கொள்கிறேன்.

கோபமில்லை. எனக்கு இப்போது எதன்மேலும் கோபம் வருவதில்லை.

ரெய்னோ


ஒட்டாவா
15 மே 1984

அன்புள்ள அண்ணா,

உனக்காக நான் பொய் சொல்லியிருக்கிறேன், வாஸ்தவம். இனியும் சொல்வேன். ஆனால் கணக்கில் சொல்லமாட்டேன். கணக்கில் பொய் சொல்லத் தெரிந்திருந்தால் இந்நேரம் ஒரு துறைக்குத் தலைவியாகியிருப்பேன்.

என்னை நம்ப வேண்டாம். உன் கையை நம்பு. அதே தளத்துக்குப் போ. அங்கே புதிதாக வைத்திருக்கும் காதுக்குப் பக்கத்தில் சுத்தியலோடு நில். சில நிமிடங்கள் அசையாதே. பிறகு பாறையில் ஒரே ஒரு அடி, பலமாக. அடித்த பிறகும் அசையாதே. இதைச் சில தடவை செய். அந்த நாடாவை அனுப்பு. இரண்டு வடிகட்டியிலும் போட்டு, இரண்டு தாளையும் மடிக்காமல் உனக்கே அனுப்புகிறேன். நீ அடிப்பதற்கு முன்னால் உன் சுத்தியல் சத்தம் போடாது இல்லையா? முதல் வடிகட்டி போட்டதாகக் காட்டினால் நீயே தெரிந்துகொள்.

இன்னொன்று. முன்னறிவிப்பு இருந்தது என்று நீ சொல்லிவிட்டால், கருவி சரி, ஆள்தான் சரியில்லை என்று கோப்பை மூடிவிடுவார்கள். உன் நாற்காலியில் வேறு ஒருவரை உட்காரவைத்து, அதே தளத்துக்கு வேறு யாருடைய பிள்ளையையாவது அனுப்புவார்கள். உன் தூக்கத்துக்காக அதைச் செய்துவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு.

இர்யா


வடக்கு ஒண்டாரியோ
26 மே 1984

அன்புள்ள இர்யா,

நன்றாக இருக்கிறாயா? நான் உனக்குக் கடிதம் எழுதி வருஷக்கணக்காகிறது. ஏலக்காய் ரொட்டி செய்யும் விதம் கேட்டிருந்தாய், அதுதான் கடைசி என்று நினைக்கிறேன். இப்போது நான் ரொட்டி சுடுவதில்லை.

உன் கடிதத்துக்கு அவர் பதில் போடவில்லை என்று தெரியும். மேஜைமேல் தாளை விரித்துவைத்து உட்கார்ந்திருக்கிறார். தட்டு வைக்கத் தாளை நகர்த்தினால், சாப்பிட்டு முடித்ததும் பழைய இடத்துக்கே இழுத்துக்கொள்கிறார். அவரோடு நான் பேசுவதில்லை. காலையில் எழுந்ததும் அவர்மேல் கோபப்படுகிறேன், அதை வைத்துக்கொண்டு பகலைத் தள்ளிவிடுகிறேன். இல்லாவிட்டால் எதற்காக எழுந்திருப்பது என்றே தெரியவில்லை.

உன் கடிதங்களை எடுத்துப் படித்தேன். மன்னித்துக்கொள். ஜன்னல் கின்னல் எல்லாம் எனக்கு விளங்காது. அவர் பார்த்திருக்க முடியுமா, முடியாதா? ஒரே வார்த்தையில் எழுது.

ஹெல்வி


ஒட்டாவா
30 மே 1984

அன்புள்ள அண்ணி,

முடியாது.

நீங்கள் எழுதியது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இர்யா


வடக்கு ஒண்டாரியோ
9 ஜூன் 1984

அன்புள்ள இர்யா,

முழங்கால் எப்படி? இங்கே கொசு ஆரம்பித்துவிட்டது.

நாடா ஒன்று அனுப்புகிறேன். ஹெல்விக்கு நீ எழுதியது மேஜைமேல் இருந்தது. அவளாகத்தான் வைத்திருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தைக்கு ஒரு முழுத்தாளைச் செலவழித்திருக்கிறாய்.

மேலே வேலைக்கு வந்த பிறகு நான் கீழே போனதில்லை. ஒலாவி கூட வந்தான். வெடிப்பில் ஒடிந்த அவனுடைய ஒரு கை இன்னும் மாவுக்கட்டில்தான் இருக்கிறது. கூண்டை இயக்குகிறவன், "நெஞ்சு சரியில்லாதவரும் கை சரியில்லாதவரும் சேர்ந்து எங்கய்யா போறீங்க?" என்றான். "ரெண்டு பேருக்குமா சேர்த்து ஒரு முழு ஆள் இருக்கு, கீழ இறக்கு" என்றான் ஒலாவி. வெடித்த பக்கத்தைக் கம்பிவலை போட்டு அடைத்திருக்கிறார்கள். வலைக்கு இப்பால் விசாரணை முடிந்த மறு திங்கள்கிழமையிலிருந்து புது ஆட்கள் வேலை தொடங்கப்போகிறார்களாம். துளைகருவிகள் வந்து இறங்கிவிட்டன.

நீ சொன்னபடி நின்றேன். ஒலாவி கொஞ்ச நேரம் கழித்து, "தூங்கிட்டியா?" என்று காதோரம் கேட்டான். "வாயை மூடு, அதுவும் பதிவாகும்" என்றேன். விளக்கு வெளிச்சத்தில் வலைக்கு அப்பால் கற்குவியல் தெரிந்தது. எனக்கு ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். கை குளிர்ந்தது, அவ்வளவுதான். பிறகு அடித்தேன். நின்றேன். மறுபடி அடித்தேன். கடைசியில் எத்தனை தடவை என்ற கணக்கை விட்டுவிட்டேன். ஒலாவிதான் நல்ல கையால் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு, "போதும், வா" என்றான்.

ரெய்னோ


ஒட்டாவா
14 ஜூன் 1984

அன்புள்ள அண்ணா,

கொசுவுக்குப் புகை போட்டுக்கொள். உன் நெஞ்சுக்கு அது ஆகாது என்றால் வலையைக் கட்டு.

இரண்டு தாள்களையும் அனுப்புகிறேன். முதல் வடிகட்டியில் உன்னுடைய ஒவ்வொரு அடிக்கும் முன்னால் நெளிவு இருக்கிறது. நீ அசையாமல் நின்றுகொண்டிருந்த நேரத்தில். பிப்ரவரி நாடாவின் முதல் தாளை எடுத்து இதன்மேல் வைத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார். அடியின் உயரம்தான் வேறு, நெளிவுகளின் இடைவெளி அச்சாக ஒன்று. இரண்டாவது வடிகட்டியில் அடி மட்டும் நிற்கிறது.

விசாரணையின் முதல் நாளே வருகிறேன். யூனியன்காரர்கள் என்னைச் சாட்சியாகச் சேர்த்துவிட்டார்கள். என் தவறை நானே ஜூரியிடம் சொல்லிக்கொள்கிறேன். நீ என்ன சொல்லப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை.

காதுகள் எந்த மாதிரி அதிர்வை வாங்குகின்றன என்று தயாரித்தவர்களிடம் கேட்டு வாங்கிப் படித்தேன். ஆழ்ந்த, மெதுவான அதிர்வை மட்டும்தான். பாறை சடசடக்கிற சத்தம், மனிதக் காதுக்குக் கேட்கிறதே, அதைத் துளைகருவி இரைச்சலோடு சேர்த்து ஆரம்பத்திலேயே வெட்டிவிடுகிறார்கள். அது திரைக்கும் வராது, நாடாவிலும் இருக்காது. எந்த ஜன்னலைப் போட்டாலும் அதை இனி எடுக்க முடியாது. இதையும் சொல்வேன்.

உன் தங்கை,
இர்யா


வடக்கு ஒண்டாரியோ
1 ஜூலை 1984

அன்புள்ள இர்யா,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? முதல் நாளே சாட்சி சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதாயிற்று உனக்கு. வக்கீல் உன்னைப் பார்த்து, "அப்ப நீங்க முதல்ல அனுப்பினது தப்பு, ரெண்டாவது மட்டும் எப்படிம்மா சரி?" என்று கேட்டபோது நீ சுத்தியல் தாள்களை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாயே, ஜூரியில் இருந்த அந்தத் தடித்த பெண்மணி இரண்டையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் தள்ளினாள். அதோடு முடிந்தது என்று யூனியன்காரர்கள் சொல்கிறார்கள்.

மறுநாள் நான் சாட்சி சொல்ல ஏறினேன். திரையில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அதைச் சொல்ல அவ்வளவு நேரம் பிடிக்கவில்லை. வக்கீல் இந்தத் தடவை கை குலுக்கவில்லை. கருவியை மட்டும் நம்பி ஆட்களை உள்ளே அனுப்பக்கூடாது, அந்தத் தளத்தில் வேலை நடக்கக்கூடாது என்று ஜூரி எழுதிக்கொடுத்தது. கம்பெனியும் மூடிவிட்டது. இறக்கிய துளைகருவிகளை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

நீ போன பிறகு நடந்த ஒன்றை எழுத வேண்டும். எனக்கு அடுத்து ஒலாவியைக் கூப்பிட்டார்கள். பாறை காலையிலிருந்தே சடசடத்துக்கொண்டிருந்தது என்றான்.

"அப்புறம் எதுக்கு உள்ள போனீங்க?" என்றார் வக்கீல்.

"அது என்னிக்கும் சத்தம் போடும் சார். அன்னிக்குக் கொஞ்சம் கூட. நான் தயங்கித்தான் நின்னேன்."

"நின்னவர் ஏன் போனீங்க?"

ஒலாவி என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். "மார்ட்டிதான் சொன்னான். 'மேல அப்பா பார்த்துக்கிட்டு இருக்காரு. ஏதாச்சும்னா கூப்பிட்டிருப்பாரு. வாங்க'ன்னான். சொல்லிட்டு எனக்கு முன்னால போனான்."

அவனை இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் ஆட்கள் வந்து முதுகில் தட்டினார்கள். வெய்க்கோ அழுதான். எனக்கு ஒன்றும் இல்லை. ஹெல்வி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். பாதி வழி வந்தோம். பிறகு, "மார்ட்டி சொன்னது சரிதான்" என்றாள். ஏப்ரலுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. நான் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். "ஏதாவது இருந்திருந்தா நீங்க கூப்பிட்டிருப்பீங்க" என்றாள். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழ முயற்சி செய்தேன், வரவில்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

ஹெல்வி படுக்கையைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள், இந்தத் தடவை நிஜமாகவே சொன்னாள். ஆகஸ்டில் விடுமுறை கிடைத்தால் வா.

நல்லவேளை என்று எல்லோரும் சொல்கிறார்கள். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், தப்பு என்னுடையதாக இருந்தபோது எனக்குச் சுலபமாக இருந்தது. மார்ட்டி என்னை நம்பித்தான் போனான், இர்யா. நானும் சரியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் அண்ணன்,
ரெய்னோ